நிலக்கடலை எண்ணெய் காறுவது ஏன்? விதை முளைக்காதது ஏன்?

"ஒரே காட்டில் விளைந்த காய்தான். பாதியை நல்ல வெயிலில் உலர்த்தி மூட்டை பிடித்தேன். மீதி மழையில் மாட்டிக்கொண்டு அரைகுறையாகக் காய்ந்தது. முதல் பாதி நன்றாக முளைத்தது. மற்றது பாதிகூட முளைக்கவில்லை. அதைச் செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் காறல் வாடை. காரணம் என்ன?"

கிராமங்களுக்குச் செல்லும்போது நிலக்கடலை விவசாயிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விதை முளைக்காததும் எண்ணெய் காறுவதும் இரு வேறு தொல்லைகள் போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் மூலம் ஒன்றே. பருப்பில் உள்ள எண்ணெய் கெட்டுவிடுவதே அது.

எண்ணெய் என்பது என்ன?

நிலக்கடலைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். ஒவ்வோர் எண்ணெய் மூலக்கூறிலும் கிளிசரால் என்ற பொருளோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்திருக்கின்றன. ஒரு காம்பில் மூன்று காய் தொங்குவதைப்போல் இதை எண்ணிக்கொள்ளலாம். கொழுப்புகள் கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தவை என்பதை பிரான்ஸ் நாட்டு வேதியியல் அறிஞர் செவ்ரல் 1823-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

எண்ணெய்க்கு எண்ணெய் குணம் மாறுவது இந்த அமிலங்களால்தான். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி இரட்டைப் பிணைப்பு இல்லாத அமிலங்கள். எனவே அது மார்கழிக் குளிரில் உறைந்துவிடுகிறது. எளிதில் காற்றோடு வினைபுரிவதும் இல்லை. நிலக்கடலை எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் இரட்டைப் பிணைப்பு உள்ள ஒலியிக், லினோலியிக் அமிலங்கள். அதனால் நம் ஊர்க் குளிரில் அது உறைவதில்லை. ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் தாக்குவதும் இந்த இரட்டைப் பிணைப்புகள் உள்ள இடத்தில்தான்.

விதைக்கு எண்ணெய் எதற்கு?

செடி நமக்காக எண்ணெய் சேர்ப்பதில்லை. தன் குஞ்சுக்குக் கட்டுச்சோறு கட்டி வைக்கிறது. ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கிலோகலோரி சக்தி தரும். ஒரு கிராம் எண்ணெய் 9 கிலோகலோரி தரும். சிறிய இடத்தில் நிறைய உணவை அடைக்க எண்ணெயே ஏற்றது. விதை முளைக்கும்போது இந்த எண்ணெய் சர்க்கரையாக மாறி, இலை விட்டுத் தானே உணவு தயாரிக்கும்வரை முளையைக் காப்பாற்றுகிறது.

மற்றொரு வேலையும் உண்டு. ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் பாஸ்பரஸ் கலந்த கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. வயலுக்கு வரப்பு எப்படியோ, உயிரணுவுக்குச் சவ்வு அப்படி. சவ்வு சிதைந்த விதையை ஈர மண்ணில் இட்டால் உள்ளே இருக்கும் சத்துகள் வெளியே கசியும். அத்தகைய விதை முளைக்காது. முளைத்தாலும் வாளிப்பு இராது.

கெடுவது எப்படி?

முதல் எதிரி ஈரம். பருப்பில் ஈரம் மிகும்போது லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயைப் பிளந்து கொழுப்பு அமிலங்களைத் தனியே விடுகிறது. பூசணங்களும் இதே வேலையைச் செய்கின்றன. அமிலம் கூடிய எண்ணெய் தொண்டையில் கரகரக்கும். ஆலைக்காரர் விலையைக் குறைப்பார்.

இரண்டாவது எதிரி காற்று. ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்க, எண்ணெய் சிதைந்து காறல் வாடை பிறக்கிறது. சூடும் வெளிச்சமும் இதை விரைவுபடுத்தும். விதையின் சவ்வுகளையும் இதே வினை அரிக்கிறது. சேமித்த விதை முளைப்புத்திறன் இழப்பதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

ஈரக் காயில் வேறோர் ஆபத்தும் உண்டு. அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம் அப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960-ல் இங்கிலாந்தில் நஞ்சேறிய நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. இந்த நஞ்சு ஈரலைப் பாதிக்கும். எண்ணெய் ஆட்டும்போது பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதைத் தின்ற கறவை மாட்டின் பாலிலும் இறங்கும். ஆகவே பூசணம் பிடித்த பருப்பை, வீணாகிறதே என்று ஆட்டவும் கூடாது. மாட்டுக்கு வைக்கவும் கூடாது.

செய்ய வேண்டியவை

1. சில செடிகளைப் பிடுங்கிக் காய்களை உடைத்துப் பாருங்கள். பெரும்பாலான காய்களில் ஓட்டின் உட்புறம் கருமையாக இருந்தால் அறுவடை செய்யலாம். முற்றாத பருப்பில் எண்ணெய் குறைவு, அமிலம் அதிகம்.

2. பிடுங்கிய செடிகளை ஈரத்தோடு அம்பாரமாகக் குவிக்கக்கூடாது. காய்களை விரைவில் பறித்து மெல்லிய பரப்பாக உலர்த்த வேண்டும். விதைக்காயை உச்சி வெயிலில் சூடேறிய களத்தில் காய வைத்தால் முளைப்பு கெடும். காலை, மாலை வெயிலே போதும்.

3. ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது. கருவி இல்லாதவர்கள் காயைக் குலுக்கிப் பார்க்கலாம். கலகலவென்று ஒலிக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும்.

4. உடைந்த, சுருங்கிய, பூசணம் பிடித்த காய்களை நீக்கிவிட வேண்டும்.

5. விதையைக் காயாகவே சேமித்து, விதைப்பதற்குச் சில நாட்கள் முன்பு மட்டும் உடைக்க வேண்டும். ஓடு பருப்புக்குக் கவசம். உடைத்த பருப்பு விரைவில் கெடும்.

6. மூட்டைகளை மரச்சட்டங்களின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும்.

7. ஆட்டிய எண்ணெயைத் தெளிய வைத்து, ஈரமில்லாத பாத்திரத்தில் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, இருட்டான இடத்தில் வையுங்கள். பழைய எண்ணெயோடு புதியதைக் கலக்கக்கூடாது. பழையதன் காறல் புதியதையும் கெடுக்கும்.

நிலக்கடலைச் சாகுபடியில் பெருஞ்செலவு விதைக்கே ஆகிறது. விதை பொய்த்தால் பணத்தோடு பருவமும் போய்விடும். இரண்டு நாள் உலர்த்தல் கூடுதலாகச் செய்வதற்கு உழைப்பைத் தவிர வேறு செலவில்லை. காய் களத்தில் கிடக்கும்போதே அடுத்த பட்டத்தின் பயிர் முடிவாகிவிடுகிறது என்பதை மனத்தில் கொண்டு, விவசாயப் பெருமக்கள் இம்முறைகளைக் கைக்கொண்டு பயன் அடைவார்களாக.