'பை நவ்' பட்டனுக்குள்ள ஒரு ரோமானிய ஒயின் வியாபாரி!

ரஷ்யாவுல ஷாப்பிங் சைட்டைத் திறந்தா, நம்ம 'பை நவ்' இருக்கிற இடத்துல 'குப்பீத்'னு ஒரு பட்டன் இருக்கும். 'வாங்கு'ங்கிறதுதான் அது. போலந்துல 'குப்பிச்', செக் மொழியில 'கௌப்பித்', செர்பியாவுல 'குப்பித்தி'. தினமும் வாயில வர்ற சொல்லாச்சே, சொந்தச் சரக்காத்தான் இருக்கும்னு நினைப்போம். இல்ல பாஸ், அதுவே இறக்குமதி!

சின்ன வியாபாரியை, குறிப்பா ஒயின் விற்கிற சத்திரக்காரரை, ரோமானியர்கள் 'கௌப்போ'ன்னு கூப்பிட்டாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெர்மானிய மக்கள், இந்த ஆட்களோட வியாபாரம் பண்ணிப் பண்ணி, ஆளோட பேரையே வினைச்சொல்லா மாத்திட்டாங்க. கம்பெனி பேரு நம்ம ஊர்ல 'ஜெராக்ஸ் எடு'ன்னு ஆன மாதிரி! கோத் மக்களின் 4-ம் நூற்றாண்டு பைபிள் மொழிபெயர்ப்பிலேயே 'வியாபாரம் செய்' என்ற பொருளில் இந்தச் சொல் இருக்கு. ஜெர்மனின் 'கௌஃபன்', ஆங்கிலத்தின் 'சீப்', 'வணிகர் துறைமுகம்' என்று பொருள்படும் கோபன்ஹேகன் எல்லாமே இதே குடும்பம்தான். இந்த ஜெர்மானிய அண்டை வீட்டுக்காரங்ககிட்ட இருந்துதான் ஸ்லாவியர்கள் சொல்லை எடுத்துக்கிட்டாங்க. அப்போ அவங்க மொழி இன்னும் பல மொழிகளாகப் பிரியலை. அதான் இன்னைக்கும் எல்லார்கிட்டயும் கிட்டத்தட்ட ஒரே சொல்.

அப்போ அதுக்கு முன்னாடி அவங்க எதையுமே வாங்கினது இல்லையா? வாங்கினாங்க, சொந்தச் சொல்லும் இருந்துச்சு. பழைய ரஷ்ய மொழியில் 'கிர்னுத்தி' என்றால் வாங்குவது. சமஸ்கிருதத்தின் 'க்ரீணாதி'க்கு இது உடன்பிறப்பு. அதே சமஸ்கிருத வேரில் இருந்து வந்ததுதான் நம்ம 'கிரயம்'. ரஷ்யாவில் செத்துப்போன சொல்லோட சொந்தக்காரர், இங்க சார் பதிவாளர் ஆபீஸ்ல 'கிரயப் பத்திர'மா இன்னும் உயிரோட இருக்கார்!

விற்கிறதுக்கு மட்டும் ரஷ்யர்கள் கடன் வாங்கலை. 'கொடு' என்ற சொந்த வினைக்கு முன்னால் ஒரு ஒட்டு சேர்த்து 'ப்ரதாத்'னு வெச்சுக்கிட்டாங்க. அந்தக் 'கொடு'வும் நம்ம 'தான'மும் ஒரே வேர். ஆனா, ஓசியில எதுவும் கிடைக்காது!

ரஷ்ய மொழி கத்துக்கிறவங்களுக்கு இதுல ஒரு பொறி இருக்கு. பொதுவா வினைக்கு முன்னால் ஒட்டு சேர்ந்தால், வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். இங்க தலைகீழ். ஒட்டு இல்லாத 'குப்பீத்'தான் வாங்கியே முடிச்சது. ஒட்டு சேர்ந்த 'பக்குப்பாத்', வாங்கிக்கிட்டே இருக்கிறது. சரி, ஒட்டைக் கழட்டிடலாமேன்னு 'குப்பாத்'னு சொல்லிடாதீங்க. அதுக்கு அர்த்தமே வேற, குளிப்பாட்டுறது!