மணலும் ஒரு சரக்கே!

சரக்கு கொள்முதல் செய்யாமல் வியாபாரம் நடக்குமா? துபாயில் நடக்கிறது. மாலை நேரப் பாலைவனச் சவாரியில் அங்கே விலைபோவது மணலும் சூரிய அஸ்தமனமும்தான்.

பிற்பகல் 3 மணியளவில் வண்டி ஓட்டல் வாசலுக்கே வந்துவிடும். ஹத்தா சாலையை ஒட்டிய லஹ்பாப் செம்மணல் மேடுகளுக்குப் பலர் செல்கிறார்கள். மணலில் இறங்குமுன் ஓட்டுநர் டயர்களில் காற்றைக் குறைத்துவிடுவார். டயர் அகலமாகப் பதிந்தால்தான் வண்டி புதையாது. மேடு பள்ளங்களில் ஏறி இறங்கிய பின் முகாமில் ஒட்டகச் சவாரி, மருதாணி, பேரீச்சம்பழம், அரபுக் காப்பி, கரி அடுப்பில் சுட்ட இறைச்சி, நடனம்.

பெரும்பாலும் இத்தனைக்கும் ஒரே கட்டணம். நான்கு சக்கர மணல் பைக் போன்றவற்றுக்குத் தனிக் காசு. கட்டணத்தில் எது சேர்த்தி, எது தனி என்று முன்கூட்டியே சொல்பவரிடம் சச்சரவு இல்லை. நமக்கும் இது பொருந்தும்.

ஆனால் வண்டிகள் கட்டுப்பாடின்றி ஓடினால் பாலைச் செடிகள் அழியும், விலங்குகள் அகலும், அவற்றைக் காண வருபவர்களும் குறைவார்கள். துபாயில் 2003-ல் 225 சதுர கிலோமீட்டர் பாலைவனம் காப்பகமாக்கப்பட்டது. அரேபிய ஓரிக்ஸ் மான்கள் திரியும் அங்கே குறிப்பிட்ட சில நிறுவனங்களுக்கே, குறித்த தடங்களில் மட்டுமே அனுமதி.

இலாபத்தை எடுத்துச் செலவழிக்கலாம். முதலில் கை வைக்கலாகாது. கல்லாவில் அமரும் நாம் அறிந்த இந்தப் பாடம் பாலைவனத்துக்கும் உரியதே.