சுருண்டது நரம்பல்ல

குன்னூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் கெண்டைக்காலில் புடைத்திருப்பது என்னவென்று கேட்டால், “நரம்பு சுருட்டிக்கிச்சு” என்பார்கள். அது நரம்பல்ல, சிரை. காலிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய். ஆனால் ‘சுருட்டு’ என்ற சொல் துல்லியம். இரு முனையும் கட்டுண்ட குழாய் நீளத்தில் வளர்ந்தால் சுருளத்தானே செய்யும்?

அசையாமல் நிற்கையில் கணுக்கால் சிரைக்குள் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறும். நடந்தால் கெண்டைத் தசை பிழிந்து இரத்தத்தை மேலே தள்ள, 30ஐ ஒட்டி இறங்கிவிடும். கொழுந்து பறிப்பவர் மேடேறுகிறார்தான். ஆனால் செடிக்குச் செடி நிற்கவும் வேண்டும்.

சிரைச் சுவரில் மூன்று அடுக்குகள். நடு அடுக்கின் மென்தசைச் செல்கள்தான் குழாயை இறுக்கிப் பிடிப்பவை. அழுத்தம் ஓயாமல் தொடர்ந்தால் அவை சுருங்கும் வேலையை விட்டு நார் சுரக்கப் போய்விடுகின்றன. அந்த நாரும் சரியில்லை: விறைப்பான முதல் வகைக் கொலாஜன் கூடுகிறது, நெகிழ்வான மூன்றாம் வகை குறைகிறது. எலாஸ்டின் இழைகளோ நைந்த பாவாடை எலாஸ்டிக் போல அறுந்து கிடக்கின்றன. ஓரிடம் தடித்திருக்கும், விரற்கடை தள்ளி மெலிந்திருக்கும். மெலிந்த இடம் முடிச்சாகப் புடைக்கும்.

இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கச் சிரைக்குள் இருக்கும் வால்வு கெடுவதால்தான் இதெல்லாம் என்பது பழைய பாடம். வால்வு நன்றாயிருக்கும் பகுதியிலும் சுவர் மாறியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். சுவரே முதல் குற்றவாளி என்ற கட்சிதான் எனக்கும் சரியெனப் படுகிறது. நிலை அகன்றால் கதவுகள் எப்படிச் சேரும்? பரம்பரையும் பிள்ளைப்பேறும் கூடச் சேர்ந்துகொள்கின்றன.

ஊட்டிக் குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் சிரை, மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெக்கையில் பளிச்சென்று தெரியும். மலையேறினால் குணமாகும் என்று நம்பிவிடாதீர்கள். மாறிய சுவர் பழைய நிலைக்குத் திரும்பாது. அழுத்தக் காலுறை தாங்கிப் பிடிக்கும், அவ்வளவே. லேசர் சூட்டில் அந்தச் சிரையை மூடிவிட்டால் இரத்தம் ஆழ்சிரை வழியே போய்விடும்.

2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தருவது சட்டமானது. ஊட்டித் துணிக்கடைப் பெண்ணுக்கு அது உதவும். தேயிலைச் சரிவில் நாற்காலியை எங்கே போடுவது?

கணுக்காலுக்கு மேல் தோல் கருத்து அரித்தால் சொரியாதீர்கள்; மருத்துவரிடம் காட்டி, டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். முடிச்சு உடைந்து இரத்தம் பீச்சினால் உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தையே அழுத்திப் பிடியுங்கள். நின்றபடி கட்டுப்போட முயலாதீர்கள்.