கோபத்துக்கு ஐந்து மடங்கு மதிப்பு

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழையில், சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட ஒரு நாளில், கொண்டை ஊசி வளைவை மறித்துக் கிடக்கும் பாறையின் படம் ஃபேஸ்புக்கில் வந்தால் கீழே என்னென்ன குறிகள் விழும் என்று நமக்குத் தெரியும். ஒருவர் கட்டைவிரலை உயர்த்துவார்; 'பார்த்தேன்' என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. ஒருவர் கண்ணீர் முகம் போடுவார், ஒருவர் நெடுஞ்சாலைத் துறையை நினைத்துக் கோப முகம். யாரோ ஒருவர் சிரிப்பு முகத்தையும் போட்டிருப்பார், எதற்கென்று அவருக்கே வெளிச்சம். மருந்து வாங்கக் கீழே இறங்க வேண்டிய சேர்வராயன் மலைக்காரர் கேட்பது இது எதுவுமில்லை. மாற்றுப்பாதையான குப்பனூர் வழியாகவாவது போக முடியுமா என்பதுதான் அவர் கேள்வி.

குறைகள் எழும்போதெல்லாம் நிறுவனங்கள் கண்ட மருந்து, இன்னொரு முகத்தைச் சேர்ப்பது. ஃபேஸ்புக்கில் 2009இல் லைக் மட்டும்தான். சாவுச் செய்திக்கும் லைக்கா என்று எல்லோரும் கூசியதால், 2016 பிப்ரவரியில் அன்பு, சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் என ஐந்து வந்தன. 2020இல், கொரோனா காலத்தில், இதயத்தை அணைத்துக்கொள்ளும் முகம் ஒன்று. (2022இல் வாட்ஸ்அப் தந்த முதல் ஆறு குறிகளில் கூப்பிய கையும் இருந்தது. நன்றி, இரங்கல், வணக்கம் மூன்றுக்கும் நம்மவர்கள் அந்த ஒன்றையே வைத்துச் சமாளிக்கிறார்கள்.) முகம் எத்தனை என்பதில் கோளாறு இல்லை. நாம் அழுத்தியதை இயந்திரம் என்னவாக எண்ணிக்கொள்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களை வைத்து 2021இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியதைப் படித்தால் இது விளங்கும். எந்தப் பதிவை யாருக்கு முன்னால் காட்டுவது என்று கணக்கிடும்போது, 2017 முதல் ஒரு லைக்குக்கு ஒன்று என்றால் ஒரு கோப முகத்துக்கு ஐந்து. எரிச்சலூட்டிய பதிவு இதனால் மேலும் பலர் கண்ணில் பட்டது, மேலும் பலரை எரிச்சலூட்டியது. கோபம் குவியும் பதிவுகளில் பொய்த் தகவலும் வசையும் அளவுக்கு மீறி இருப்பதை நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2019இல் உறுதிப்படுத்தினார்கள். படிப்படியாகக் குறைத்து, 2020 செப்டம்பரில் கோபத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். பொய்யும் வன்முறைக் காட்சியும் குறைந்தன. மக்கள் தளத்தைப் பயன்படுத்துவது குறையவில்லை.

ஏழைக்கு இருக்கும் ஒரே ஆயுதம் கோபம்தானே, அதையும் பிடுங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், சாலை சரியில்லை என்ற புலம்பல் ஊரெங்கும் பரவினால்தான் அதிகாரி திரும்பிப் பார்க்கிறார். ஆனால் கோபக் குறியை யாரும் எடுத்துவிடவில்லை. அதை இன்றும் அழுத்தலாம். அதைக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் வேலை மட்டுமே நின்றது. குறிக்குப் பதில் ஒரு வரி எழுதுங்கள் என்றால், ஒரு தொடுதலில் முடிகிற காரியத்தை விட்டுவிட்டு யார் உட்கார்ந்து தமிழில் தட்டச்சு செய்வார்கள் என்ற மறுப்புதான் இதைவிட வலுவானது. அதற்கான பதில் ஃபேஸ்புக்கிடமே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்களுக்கு 'நான் பத்திரமாக இருக்கிறேன்' என்று தெரிவிக்க ஒரு பொத்தான் தந்தது. அதுவும் ஒரே தொடுதல்தான். வெளியூரில் தவித்த அம்மாவுக்குச் சேதி போய்ச் சேர்ந்தது. பேரிடர் நாளில் இந்த முகக்குறிகள் இருக்கும் இடத்தில் 'வழி திறந்திருக்கிறது', 'உதவிக்கு வருகிறேன்', 'இது பழைய படம்' என்ற மூன்றைத் தமிழிலேயே வைக்க முடியாதா?

அதுவரை, மலைப்பாதை அடைபட்ட படம் கண்ணில் பட்டால், உங்களுக்குத் தெரிந்த மாற்றுவழியை ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள்.