அரசு மானியத்தை நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

"பிரதமர் திட்டத்துல ரூ.1.80 லட்சம் வருதாம், அதை வச்சு அட்வான்ஸை சமாளிச்சிடலாம்" என்று கணக்கு போடுபவர்கள் உஷார்! பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதி திட்டம் 2.0-ல் அந்தப் பணம் கைக்கு வராது. கடன் வாங்கிய பிறகு, 5 வருஷ தவணையாக கடன் கணக்கில்தான் வரவு வைப்பார்கள்.

அப்போ முன்பணம்? அது நம்ம பாடுதான். ரூ.30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். இது ரிசர்வ் வங்கி விதி. ரூ.20 லட்சம் வீட்டுக்கு ரூ.2 லட்சம் நாம போடணும். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என பத்திரச்செலவு 9 சதவீதம். அது ஒரு ரூ.1.80 லட்சம். வீடு ரூ.10 லட்சத்தை தாண்டினால் இந்தச் செலவை மதிப்பில் சேர்த்து கடன் தர மாட்டார்கள். ஆக, ரூ.3.80 லட்சம் கையில் இருந்தால்தான் பத்திரம் முடியும். பி.எப். பிடிக்கும் தொழிலாளர்கள் அதில் இருந்து வீட்டுக்கு பணம் எடுக்க வழி உண்டு.

மானியம் யாருக்கு? 1-9-2024 முதல் கடன் வாங்கியவர்களுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.9 லட்சம், வீட்டு மதிப்பு ரூ.35 லட்சம், கடன் ரூ.25 லட்சம் தாண்டக்கூடாது. நாட்டில் எங்கேயும் சொந்தமா பக்கா வீடு இருக்கக்கூடாது. அசலில் பாதியை சீக்கிரமே கட்டி முடித்தால் மீதி மானியம் வராது.

புரோக்கரிடம் டோக்கன் கொடுக்கும் முன், சம்பள ரசீதோடு வங்கிக்குப் போய் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேட்டுடுங்க.