சுவர் சேமித்த வெப்பம்

கோடைக்காலத்தில் இரவு எட்டு மணிக்கு, மேற்கு வெயில் பட்ட செங்கற் சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கதிரவன் மறைந்து நெடுநேரம் ஆகியும் சுவர் சுடும். இந்த எளிய உண்மையைக் கொண்டு குளிர்நாட்டில் பழத்தோட்டமே அமைத்தார்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில், மெவாகிஸ்ஸி என்னும் மீன்பிடி ஊருக்கு அருகே ஹெலிகன் எஸ்டேட் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இது ட்ரெமேய்ன் குடும்பத்தாரின் கைக்கு வந்தது. மாளிகைக்கு வேண்டிய காய், கனி, மலர் யாவும் அங்கேயே விளைந்தாக வேண்டும். கடற்காற்றோ உப்பைச் சுமந்து வந்து இலைகளைக் கருக்கும். எனவே தோட்டத்தைச் சுற்றி உயரமான சுவர் எழுப்பினார்கள்.

சுவர் காற்றைத் தடுப்பதோடு நிற்பதில்லை. அவ்விடம் ஏறத்தாழ 50 பாகை வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் இறுதியில் நண்பகலிலும் கதிரவன் அடிவானத்திலிருந்து 16 பாகை உயரத்திலேயே நிற்கும். சாய்ந்து வரும் ஒளி தரையில் பரவி வலுவிழக்கும். தெற்கு நோக்கிய செங்குத்துச் சுவரிலோ ஏறக்குறைய நேராக விழும். ஒரே பரப்பளவில் தரை பெறுவதைப்போல் சுமார் மூன்றரை மடங்கு நேரடி வெயிலைச் சுவர் பெறுகிறது!

பெற்ற வெப்பத்தைச் சேமிக்கவும் சுவருக்குத் தெரியும். ஒரு கன மீட்டர் காற்றை 1 பாகை செல்சியஸ் சூடாக்க சுமார் 1,200 ஜூல் போதும். அதே அளவு செங்கல்லுக்குச் சுமார் 14 இலட்சம் ஜூல் தேவை. அவ்வளவையும் செங்கல் இரவில் மெல்ல மெல்ல வெளிவிடும். சுவரை ஒட்டிப் படரவிட்ட பழமரங்கள் அதில் குளிர்காயும்.

வெப்பநாட்டு அன்னாசிக்கு இது போதாது. அதற்கென ஒரு குழி கட்டினார்கள். நடுவில் செடிகள், மேலே கண்ணாடி மூடி, இருபுறமும் புதிய குதிரைச் சாணம் நிரப்பிய பள்ளங்கள். நுண்ணுயிர்கள் சாணத்தைச் சிதைக்கும்போது வெளிப்படும் வெப்பம், இடைச்சுவர்களின் வழியாகச் செடிகளைச் சென்றடையும்.

ஆனால் சாணம் ஆறிவிட்டால் வாரியெடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும். கண்ணாடி மூடிகளை வெயில் பார்த்துத் திறக்க வேண்டும். குளிர் பார்த்து மூட வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. அந்த ஆகஸ்டில் தோட்டக்காரர்கள் தங்கள் கழிப்பறைச் சுவரில் பென்சிலால் பெயர்களை எழுதினார்கள். பிறகு போருக்குப் போனார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களில் பலர் திரும்பவே இல்லை. சுவர் அப்படியேதான் நின்றது. வெயிலும் முன்போலவே அதன்மேல் விழுந்தது. எனினும் கண்ணாடி உடைந்தது, முட்புதர் மண்டியது, ஆண்டுகள் செல்லச் செல்லத் தோட்டம் இருந்த இடமே மறந்துபோயிற்று.

1990இல் டிம் ஸ்மிட், ட்ரெமேய்ன் வழிவந்த ஜான் வில்லிஸ் ஆகியோர் புதரை வெட்டி உள்ளே நுழைந்தனர். தோட்டம் மீட்கப்பட்டது. அன்னாசிக் குழியில் மீண்டும் சாணம் நிரப்பினார்கள்; அன்னாசியும் பழுத்தது. வெப்பவியல் விதிகள் மாறவில்லை அல்லவா?

கழிப்பறைச் சுவரில் இருந்த பெயர்களை மட்டும் அவர்கள் தொடவில்லை. மங்கிய அந்தப் பென்சில் எழுத்துகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.