கச்சான் காலத்து ஓட்டம்

கச்சான் என்றதும் திருவிழாக் கடையிலே வறுத்து விற்கும் கடலையே பலருக்கு நினைவில் எழும். திருகோணமலைக் கரையோரத்தில் வாழ்வோருக்கோ அச்சொல் முதலிற் காற்றைக் குறிக்கும். கடலை அதற்கு அடுத்ததுதான். வைகாசி பிறந்ததும் மேற்குத் திக்கிலிருந்து புறப்பட்டு, ஆவணி கழியுமட்டும் வீசும் அக்காற்று கிணற்றை வற்றச் செய்து, புல்லைச் சருகாக்கி, கதவைத் திறப்பவன் முகத்தில் அடுப்படிச் சூட்டை அள்ளி எறிந்துவிட்டுப் போகும்.

இக்காற்றின் பிறப்பு வரலாறு சுவையானது. தென்மேற்குப் பருவக்காற்று ஈரஞ்சுமந்து வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவிலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த மழையையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. வெறுங்கையோடு கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுக்கம் கூடக்கூட அதன் வெப்பமும் கூடுகிறது. இரத்தினபுரியில் குடைபிடித்து நடக்கும் அதே நாளில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் மண் வெடிப்பது இதனாலேதான். உலக வானிலை நூல்களிலே இக்காற்று 'கச்சான்' என்ற எங்கள் பெயராலேயே குறிக்கப்படுகிறது என்பதைப் படித்தறிந்த நாளில் எனக்கு உண்டான பெருமிதம் கொஞ்சமன்று.

நான் சாம்பல்தீவில் வாழும் ஓர் ஆசிரியன். நெடுநாளாக ஓடும் பழக்கமுடையவன். பெயரிலே தீவு இருந்தாலும், திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியிலே, கிழக்கே கடலும் மேற்கே களப்புமாக அமைந்த ஊர் இது. மாரி ஓய்ந்த தை, மாசி மாதங்களில் இவ்வீதியில் ஓடுவது போன்ற இன்பம் வேறில்லை. ஒருநாள் வடக்கே நிலாவெளிப் பக்கம். மறுநாள் தெற்கே உப்புவெளிப் போர்மயானம் வரை. இரண்டாம் உலகப் போரில் மாண்ட அந்நியநாட்டு இளைஞர்களின் கல்லறை வரிசையைக் கண்டு திரும்புவேன். ஆனால் பங்குனி பிறந்ததும் அந்த ஓட்டத்தை அப்படியே தொடர முடியாது. எதை மாற்றுவது, எப்படி மாற்றுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்களூரிலே கோடை ஒன்றன்று, இரண்டு. இதை முதலில் உணர வேண்டும். பங்குனி, சித்திரையில் காற்று அசையாது. வானம் மூடிக் கிடக்கும். வியர்வை வழியும், ஆனால் உலராது. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது நிலைமை தலைகீழ். வியர்வை தோன்றிய கணமே உலர்ந்துவிடும். உடல் நனைந்ததாகவே தெரியாது. வீடு வந்து பார்த்தால் சட்டையிலே உப்புக் கோடுகள் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். முதற் கோடை தன் கொடுமையை ஒளிக்காமற் காட்டும். இரண்டாவது ஒளித்து வைத்துத் தாக்கும்.

வியர்வை சிந்துவதனால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாவதனாலேயே குளிர்கிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஓடுபவனுடைய தசைகள் செலவிடும் சக்தியிலோ நாலில் ஒரு பங்குக்கு மேல் இயக்கமாக மாறுவதில்லை, எஞ்சியதெல்லாம் வெப்பமே. அந்த வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவர வேண்டியதும் குருதி, தசைகளுக்கு ஒட்சிசன் கொண்டுசெல்ல வேண்டியதும் அதே குருதி. ஆகவேதான் மாசியில் இலகுவாக இருந்த வேகம் சித்திரையில் நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. ஓடுபவன் சோம்பேறியாகிவிடவில்லை, அவனுடைய இதயம் இரண்டு எசமானர்களுக்கு ஏவல் செய்கிறது.

வெறும் வெப்பமானியை நம்பி ஓடுவது அறிவன்று என்பதை உலகம் பட்டே அறிந்தது. 1950களில் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சி முகாம்களிலே இளம் வீரர்கள் பலர் வெப்பத்தினால் விழுந்ததையடுத்து ஒரு புதிய அளவை வகுத்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண்ணுக்குப் பத்தில் ஏழு பங்கு. வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் எண்ணுக்கு இரண்டு பங்கு. சாதாரண வெப்பமானிக்கோ ஒரே ஒரு பங்கு. காற்றின் ஈரப்பதனுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்! இன்று உலக விளையாட்டரங்குகளில் எல்லாம் இவ்வளவே ஆட்சி செய்கிறது. சாம்பல்தீவில் அக்கருவி இல்லை; இருந்தாலும் வாங்கிக் கட்டுபடியாகாது. கொடியிலே போட்ட ஈரத்துணி எவ்வளவு நேரத்தில் உலர்கிறது என்று பார்ப்பதே என் கருவி. துணி உலராத காலையில் நான் வேகத்தைக் குறைக்கிறேன். துணி விரைந்து உலரும் காலையில் தண்ணீரைக் கூட்டுகிறேன்.

வேகத்தை எவ்வளவு குறைப்பது? இங்கேதான் ஓடுபவர்களின் ஆணவம் குறுக்கே நிற்கும். கைக்கடிகாரம் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நிமிடக் கணக்குச் சொல்லும் இக்காலத்தில், நேற்றைய கணக்கைவிட இன்று குறைந்தால் மானமே போய்விட்டதாக எண்ணுகிறார்கள். கோடை தொடங்கும் முதல் இரண்டு வாரமும் நான் கடிகாரத்தைக் கட்டுவதேயில்லை. பக்கத்தில் ஒருவர் வந்தால் தடையின்றிப் பேசிக்கொண்டு ஓடமுடியுமா என்பது ஒன்றே அளவுகோல். பேச்சு அறுந்தால் நடக்கிறேன். எட்டுக் கிலோமீற்றர் ஓடும் இடத்தில் ஐந்து போதும். அதுவும் மரநிழல் உள்ள பக்கமாக.

இரண்டு வாரம் என்று நான் கூறுவது கைக்கணக்கன்று. வெப்பத்தில் நாள்தோறும் சிறிதளவு உழைக்கும் உடல் பத்துப் பதினான்கு நாள்களில் தன்னை மாற்றிக்கொள்கிறது. குருதியின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. அதிலே கலந்து போகும் உப்புக் குறைகிறது. இதயத் துடிப்புத் தணிகிறது. தென்னாபிரிக்காவின் ஆழ்ந்த தங்கச் சுரங்கங்களிலே புதிய தொழிலாளரைக் கீழே இறக்குமுன் இவ்வாறு பழக்கி எடுத்தார்கள். ஆனால் இப்பழக்கம் நிலையானதன்று. சில வாரம் வெப்பத்தைவிட்டு விலகியிருந்தால் கரைந்துவிடும். நுவரெலியாவுக்கு விடுமுறை போய்வந்தவர் மறுநாளே பழைய வேகத்தில் ஓடப் புறப்படலாகாது.

நீரைப் பற்றியும் ஒரு சொல். தாகம் எடுக்குமுன்னரே குடி, குடித்துக்கொண்டே இரு என்று ஒரு காலத்தில் போதித்தார்கள். 2002இல் பொஸ்டன் மரதனில் ஓடிய 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூவரிடம் சோடியம் அளவு மீறித் தாழ்ந்திருந்தது. மிகையாக நீர் குடித்ததே அதற்குப் பெருங்காரணம். தாகத்துக்குக் குடிப்பதும், போன உப்பைத் திருப்பி வைப்பதுமே முறை. இதை எனக்கு ஆய்வேடுகள் கற்பிக்குமுன்னரே எங்கள் கடற்கரையில் கரைவலை இழுப்போர் காட்டியிருந்தார்கள். விடிவதற்குள் முதல் வலையை வளைத்துவிட்டு, வெயில் ஏறியதும் அவர்கள் அருந்துவது உப்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்த பழஞ்சோற்றுத் தண்ணீர். கடையில் விற்கும் நிறந்தீட்டிய பானங்களைவிட அதிலே எனக்கு நம்பிக்கை அதிகம்.

காற்றின் திசையையும் கணக்கில் எடுக்கவேண்டும். களப்பை நோக்கி மேற்கே செல்லும் ஒழுங்கையிலே கச்சான் முகத்தில் அறையும். கடலை நோக்கித் திரும்பினால் முதுகைத் தள்ளும். தள்ளுவது உதவியென்று தோன்றும். ஆனால் காற்றும் நாமும் ஒரே வேகத்தில் செல்லும்போது உடலைச் சுற்றி ஒரு விசித்திரமான அசைவின்மை உண்டாகிறது. அப்போதே சூடு தலைக்கேறும். எனவே முதுகுக் காற்றை உடல் குளிர்ந்திருக்கும் தொடக்கத்துக்கும், எதிர்க்காற்றைத் திரும்பும் வழிக்கும் வைத்துக்கொள்கிறேன்.

இவையெல்லாம் தன் விருப்பத்துக்கு ஓடும் ஒருவன் செய்துகொள்ளக்கூடிய மாற்றங்கள். பிறர் குறித்த நேரத்தில் ஓடவேண்டியவர்களின் கதை வேறு.

1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் மரதன் நண்பகல் கழிந்த வெயிலில் நடந்தது. போர்த்துக்கலைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லாசரோ என்ற தச்சுத் தொழிலாளி, வெயில் சுடாதிருக்க உடலில் மெழுகு பூசிக்கொண்டு ஓடினார் என்பர். வியர்வைக்கு வழியடைத்த அந்த உடல் முப்பதாவது கிலோமீற்றரளவில் சாய்ந்தது. மறுநாள் அவர் இறந்தார். அன்று புறப்பட்ட 68 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் எல்லையை எட்டவில்லை. நூற்றேழு ஆண்டுகள் கழித்து, 2019இல் கட்டார் நாட்டின் தோஹாவில் உலகக் கிண்ணத்துக்கு நிகரான மெய்வல்லுநர் போட்டியில் பெண்கள் மரதனை நள்ளிரவுக்கு மாற்றினார்கள். அன்றும் புறப்பட்டோர் தற்செயலாக 68 பேரே, முடித்தோர் 40. நள்ளிரவிலும் வெப்பம் 30 பாகைக்கு மேலிருந்தது. டோக்கியோ ஒலிம்பிக் மரதனையோ நகரைவிட்டே பெயர்த்து, வடக்கேயுள்ள சப்போரோவில் 2021இல் நடத்தினார்கள். அங்கும் வெப்பத்துக்கு அஞ்சிப் பெண்களின் ஓட்டத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளிக் காலை ஆறு மணிக்கே தொடங்கினார்கள். உலகின் தலைசிறந்த வீரர்களுக்காக நேரமும் நகரமும் மாறுகின்றன. எங்கள் பிள்ளைகளுக்காக மாறுவது எது?

2024 மார்ச்சிலே, நாடெங்கும் வெப்ப எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாள்களில், எங்கள் கிழக்கு மாகாணத்துப் பாடசாலை ஒன்றின் மரதன் ஓட்டத்தில் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அக்குடும்பத்தின் துயரத்தைக் கிளற நான் விரும்பவில்லை. காரணங்களை ஆராய்வதும் என் வேலையன்று. ஆனால் அச்செய்தியைப் படித்த பின் எந்த ஆசிரியரும் நிகழ்ச்சிநிரலில் நீண்ட தூர ஓட்டத்துக்கு எதிரே எழுதியிருக்கும் நேரத்தைப் பாராமல் கையெழுத்திடக்கூடாது. விருந்தினர் வரும் நேரத்துக்கும் பந்தல் அலங்காரத்துக்கும் பொருந்த அமைத்த நிரலிலே பிள்ளைகளின் ஓட்டம் பத்து மணிக்கோ இரண்டு மணிக்கோ போய் விழுகிறது.

விழுந்த பிள்ளைக்கு என்ன செய்வதென்பதும் எங்கள் மைதானங்களில் பலருக்குத் தெரியாது. கூட்டம் சூழும், சோடா உடைப்பார்கள், முச்சக்கர வண்டி தேடுவார்கள். ஓடி விழுந்தவர் தோல் கொதித்து, பேச்சுக் குழறி, இடம் தெரியாது தடுமாறினால் அது வெறும் மயக்கமன்று. முதலிற் குளிர்வித்தல், பிறகே கொண்டுசெல்லல். நிழலுக்குத் தூக்கி, மேலுடையை அகற்றி, பெரிய தொட்டியில் கழுத்தளவு குளிர்நீரில் இருத்த வேண்டும். தொட்டி இல்லையேல் கிணற்றுநீரை வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. அதற்கிடையில் ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்கட்டும். அமெரிக்காவின் பல்மத் நகரிலே ஆண்டுதோறும் ஓகஸ்ட் வெயிலில் நடக்கும் வீதியோட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேர் இவ்வாறு வெப்பத் தாக்குதலுக்கு உள்ளானார்கள். பனிக்கட்டி நீர்த் தொட்டிகளில் உடனே இறக்கப்பட்ட அவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஒரு தொட்டிக்கு என்ன விலை? வெற்றிக் கிண்ணங்களுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பகுதி.

என் மாணவி ஒருத்தி இவ்வாண்டு மூவாயிரம் மீற்றர் ஓட்டத்துக்குப் பயில்கிறாள். பாடசாலை முடிந்த கையோடு, இரண்டரை மணி வெயிலில், கச்சான் சுழற்றியடிக்கும் வேளையில் ஓடிக்கொண்டிருந்தாள். விடியுமுன் ஓடச் சொல்லி நூல்களெல்லாம் கூறும் அறிவுரையை அவளுடைய தாயிடம் எடுத்துச் சொன்னேன்.

"சேர், கோவியாதேங்கோ. இருட்டுக்குள்ள ஒரு குமர்ப்பிள்ளைய றோட்டில ஓட விடேலுமோ? நாய் ஒரு பக்கம், ஆக்கள் ஒரு பக்கம்" என்றார் அவர்.

அவர் கூறியதில் நியாயம் இருந்தது. விடியுமுன் ஓடு என்ற அறிவுரை, இருளில் தனியே செல்ல உரிமை பெற்ற ஆண்மகனை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது. அதை எழுதியவர்களுக்கு இது தோன்றியிருக்காது. ஆகவே நாங்கள் வேறொரு கணக்குப் போட்டோம். ஆனி மாதத்திலே ஐந்தரைக்கே வெளிச்சம் பரவத் தொடங்கும். சூரியன் கடலிலிருந்து எழுந்து சுடத் தொடங்க ஆறரை ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் கரைவலைக்காரர் கடற்கரையில் நிற்பார்கள், அறிந்த முகங்கள். ஈரமணல் கெட்டியாக இருக்கும். வாரத்தில் நான்கு நாள் அங்கே ஓட்டம். வேகப் பயிற்சி இரண்டே நாள். அதுவும் நானூறு மீற்றர் ஓடி, மூச்சு அடங்குமட்டும் நடந்து, மீண்டும் ஓடுவதாக. போட்டி வெயிலில் நடந்தால் உடல் திகைக்காதிருக்க, கடைசி இரண்டு வாரம் மட்டும் பின்னேரம் ஐந்து மணிக்கு அரைமணி நேரம் மெதுவோட்டம்.

நீண்ட தூர ஓட்டங்களைக் காலை ஏழு மணிக்கே தொடங்குமாறு கேட்டு, ஆசிரியர்கள் சிலர் கையொப்பமிட்ட கடிதமொன்றைப் போட்டி நடத்துவோருக்கு அனுப்பியிருக்கிறோம். நிகழ்ச்சிநிரல் இன்னும் வரவில்லை.

தாயும் இப்போது ஒரு போத்தல் தண்ணீரும் துவாயுமாகக் கடற்கரைக்கு வருகிறார். தோணியின் அணியத்தில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சையும் வேகத்தையும் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மகளின் முகம் அவருக்குத் தெரியும். நிறம் சற்று மாறினாலும் அவர் கையைத் தூக்குவார். பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடுவாள்.